கோடிட்ட இடம்

என் கல்யாணச் சாமானில்
ஒரு முட்டைக்கரண்டிகூட விட்டுப்போகவில்லை.
பதினொரு பக்கம் சிட்டை.
பித்தளைத் தூக்கு, மூடியுடன், இரண்டு.
எவர்சில்வர் டபரா, பெரிது ஆறு, சிறிது ஆறு.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் புள்ளி புள்ளியாக
மெ. சிந்தாமணி என்று பேர் வெட்டி,
வெட்டியது தெரிகிறதா என்று
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அடுக்கினார்கள்.

நாவலுக்கு எட்டு வரி.

காரைக்குடி, செக்காலை ரோடு,
மிக்சி பழுது பார்க்கும் கடைக்கு மேலே
வெள்ளையப்பனின் பதிப்பகம்.
இருபது ரூபாய்ப் பத்திரம்.
மேற்படி நூலின் முழு உரிமையையும்
ரூபாய் மூவாயிரம் பெற்றுக்கொண்டு
_______ ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்தேன்.
கோடிட்ட இடத்தைக் காட்டினேன்.
"அதெல்லாம் அப்புறம் நிரப்பிக்கலாம் ஆச்சி,
காபி ஆறுது, போடுங்க."
போட்டேன்.
அந்தப் பணத்தில் ஒரு டேபிள் ஃபேன்.
இன்னும் ஓடுகிறது, தலையை மட்டும் ஆட்டாது.

ஏழு பதிப்பு.
அட்டையில் நிற்கும் பெண்
பதிப்புக்குப் பதிப்பு இளைத்துக்கொண்டே வந்தாள்.
பாத்திரத்தில் என் பேர் இருந்தால் பாத்திரம் என்னுடையது.
புத்தகத்தில் என் பேர் இருந்தால்
எழுதியவள் நான், அவ்வளவுதான்.

தேவகோட்டை பஸ்ஸில் ஒருநாள்
பின் சீட்டுப் பையனின் போனிலிருந்து
யாரோ ஒருத்தி என் மூன்றாம் அத்தியாயத்தை வாசித்தாள்.
"ழ" வரவேயில்லை அவளுக்கு.
அந்தக் கோபத்தில்தான்
கோர்ட்டு ஸ்டாப்பில் இறங்கினேன்.

வக்கீல் அடைக்கல மேரி
டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பத்திரத்தை வாங்கினார்.
எழுதியிருந்த எதையும் படித்த மாதிரித் தெரியவில்லை.
கோட்டின் மேல் விரலை வைத்துச் சிரித்தார்.
"எத்தனை வருஷம்னு எழுதாம விட்டா
சட்டம் அஞ்சுன்னு எடுத்துக்கும்.
அஞ்சு எப்ப முடிஞ்சது?"
எண்ணிப் பார்த்தேன்:
ஃபேன் தலையாட்டுவதை நிறுத்திய வருஷம்.
"அதுக்கப்புறம் வித்ததெல்லாம் உங்க சரக்கு."
இனிமேல்?
"நீங்க இருக்கிற வரைக்கும் உங்களது.
போனப்புறம் அறுபது வருஷம் வாரிசுக்கு.
அப்புறம் ஊருக்கு."
ஊருக்கு என்பதை
ஊருணியைச் சொல்வதுபோல் சொன்னார்.

நோட்டீஸ் போனது.
வெள்ளையப்பன் தன் பிரதியோடு வந்தார்.
கோட்டின் மேல் "அறுபது" என்று இருந்தது, நீல மையில்.
மற்ற எழுத்தெல்லாம் கறுப்பு.
மேரி என் பிரதியை எடுத்து
அதன் பக்கத்தில் வைத்தார்.
யாரும் எதுவும் பேசவில்லை.
ஜெராக்ஸ் மிஷின் மட்டும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த நாவலில்
அச்சுப்பிழை பார்க்க உட்கார்ந்தேன்.
அறுபத்தோராம் பக்கம்.
சிங்கப்பூருக்குப் போன புருஷனுக்குக்
கடிதம் எழுதி எழுதி, தபாலில் சேர்க்காமல்,
பெட்டகத்தில் போட்டுவைக்கும் ஒருத்தி.
பேரை மாற்றியிருந்தேன். ஊரை மாற்றியிருந்தேன்.
இடது கையை மாற்ற மறந்திருந்தேன்.

மேரியைப் போனில் பிடித்தேன்.
"நடந்ததுக்குப் பதிப்புரிமை கிடையாதுங்க,
எழுதின விதத்துக்குத்தான்.
அந்த வரி உங்களது. பயப்படாதீங்க."
நான் கேட்டது அது இல்லை.
எதைக் கேட்டேன் என்று சொல்லவும் வரவில்லை.

ஆடி வெள்ளியன்று நாத்தினா சாலாச்சி வந்தாள்.
கையில் ஒரு பித்தளைத் தூக்கு,
புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தது.
எப்போது கொடுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.
புத்தகத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை,
இந்த இருபது வருஷமும் கேட்டதில்லை.

"உன் பேரு வெட்டியிருக்கே,
நான் எப்படி வச்சுக்கிறது?" என்றாள்.
மூடியை இடது கையால் திறந்து
என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்,
உள்ளே ஒன்றுமில்லை என்று.